பதினாலாம் எண் கதவு

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கதவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஜன்னல்களும் அவள் பொறுப்புதான். ஆனால் ஜன்னலக்கா என்பது யார் வாயிலும் நுழையவில்லை போலிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அந்த அலுவலகத்துக்கு முதலில் படங்களை மடித்து உறையில் போடும் வேலைக்குத்தான் வந்தாள். மடிக்கும்போது பார்த்தாள். பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டரில் வரையவும் கற்றுக்கொண்டாள். யாரிடமும் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. கேட்பதென்றால் வாயைத் திறக்க வேண்டுமே.

படத்தில் கதவை வரைந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் சின்ன வட்டம் போட்டு அதற்குள் ஓர் எண் கொடுக்க வேண்டும். ஜன்னலுக்கு வட்டம் இல்லை, அறுகோணம். பிறகு எல்லா எண்களையும் அட்டவணையில் இறக்கி, இன்ன கதவு இத்தனை அகலம், இன்ன மரம், எத்தனை கீல், எந்தப் பக்கம் திறக்கும், என்ன பூட்டு என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பதினொரு வருஷமாக அவள் செய்த வேலை இதுதான். அவள் எண் போட்ட கதவு ஒன்றுகூடத் தப்பான பக்கம் திறந்ததில்லை. அதை யாரும் கவனித்ததும் இல்லை. ஒழுங்காகத் திறக்கிற கதவை யார் நின்று பார்க்கிறார்கள்?

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கதவுக்குக் கொடுத்த எண்ணை இன்னொரு கதவுக்குத் தரமாட்டாள். முதலாளிக்குக் காலையில் ஒரு யோசனை வரும், மாலையில் வேறொன்று வரும். நாலாம் எண் கதவு இருந்த இடத்தில் சுவர் வந்துவிடும். அவள் அட்டவணையில் நாலுக்கு நேரே 'இல்லை' என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். முதலாளிக்கு அந்த 'இல்லை'யைக் கண்டாலே ஆகாது.

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு, இந்த லிஸ்ட்டு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்பார்.

அவள் தலையை ஆட்டுவாள். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், முடியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளியின் மருமகள் அலுவலகத்துக்கு வந்தாள். கல்யாணமாகி இரண்டு மாதம். நல்ல பெண், கலகலப்பானவள், இதே படிப்பைப் பெரிய இடத்தில் படித்தவள். அதையெல்லாம்விட முக்கியம், அவளுக்கு ஒரு பொத்தான் தெரிந்திருந்தது.

"அக்கா, நீங்க ஒவ்வொண்ணா கையால நம்பர் போடறீங்களா? இங்க பாருங்க." ஒரு தட்டு தட்டினாள். மாடிப்படியில் ஆரம்பித்து அறை அறையாகச் சுற்றி, எல்லாக் கதவுகளும் தாமாகப் புது எண் வாங்கிக்கொண்டன. ஓட்டை இல்லை, 'இல்லை' இல்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "மூணு நாள் வேலையை மூணு செகண்டுல முடிச்சிட்டியேம்மா!" என்றவர் கதவக்காவின் பக்கம் திரும்பினார். "இந்தக் கட்டடம் முடியட்டும். அப்புறம் உங்க வேலையைப் பத்தி உக்காந்து பேசுவோம்."

பதினொரு வருஷத்தில் முதலாளி அவளோடு ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. ஆகவே விஷயம் புரிந்துவிட்டது.

அது ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகக் கட்டடம். கதவக்கா போட்ட அட்டவணை ஒரு வாரத்துக்கு முன்பே தச்சுப்பட்டறைக்குப் போயிருந்தது. பட்டறையில் அந்த எண்களைக் கதவுகளின் முதுகில் பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தார்கள். மருமகளின் புது எண்களோடு தளப்படம் மட்டும் இப்போது கட்டடத்துக்குப் போயிற்று. கதவு மாட்டுகிறவர்கள் முதுகு எண்ணையும் தளப்பட எண்ணையும் பொருத்திப் பார்த்து மாட்டுவார்கள். ஆனால் கதவு பழைய எண்ணில் வரும். படம் புது எண்ணைச் சொல்லும்.

கதவக்கா அதை அன்று மதியமே பார்த்துவிட்டாள். ஏறக்குறைய எல்லாக் கதவுகளும் ஒரே அச்சு, எது எங்கே போனாலும் பாதகமில்லை. ஆனால் மேல்மாடியில் இரண்டு கதவுகள் தனி ரகம். அவள் கணக்கில் ஒன்பது, நிறுவனத் தலைவரின் அறை: இழைத்த தேக்கு, பித்தளைக் கைப்பிடி. பதினாலு, சக்கர நாற்காலி போகும் அகலக் கழிப்பறை: கீழ்ப்பாதியில் காற்றுக்குச் சாய்ந்த பட்டைகள், உள்ளே தாழ் போட்டால் வெளியே சிவப்பும் எடுத்தால் பச்சையும் காட்டும் தாழ்ப்பாள். பொத்தான் மாடிப்படியிலிருந்து எண்ணிக்கொண்டு போனதால், படிப்பக்கம் இருந்த கழிப்பறை ஒன்பதாகிவிட்டது. கோடியில் இருந்த தலைவர் அறை பதினாலாகிவிட்டது. அகலமும் உயரமும் இரண்டுக்கும் ஒன்றே. எந்தத் தச்சனும் சந்தேகப்படமாட்டான்.

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். பொத்தான் ஜெயித்துவிடும். அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் பொத்தானின் மானம் கப்பலேறும். அவள் நாற்காலி தப்பும்.

சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே புருஷனிடம் விஷயத்தை இறக்கினாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்கக் குறுகிய பெட்டிக்குள் தனியாக நிற்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் நிறுத்தாமல் பேசுவான்.

"கல்யாணமான நாள்லேருந்து வாயைத் திறன்னு கெஞ்சறேன். திறந்தியா? இப்ப மட்டும் என்ன அவசரம்?"

"தப்பு இல்லையா அது?"

"நீயா பண்ணே? நீ பாத்தே. பாத்ததுக்கெல்லாம் பொறுப்புன்னா நான் தினம் ஜெயிலுக்குப் போகணும்."

"இருந்தாலும்…"

"இருந்தாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலை போனா அந்த மருமகளா வந்து உனக்கு அரிசி அளப்பா? வெங்காயத்தைப் பொடியா நறுக்கு."

அவள் பொடியாக நறுக்கினாள். மறுநாள் இரண்டு தடவை முதலாளி அறை வாசல்வரை போனாள். ஒரு தடவை அவர் போனில் இருந்தார். மறுதடவை போனில் இல்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் போகவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகின வேலை. ஆனால் இந்தத் தடவை அது சுலபமாக வரவில்லை. மருமகள் வேறு தினமும் தன் டப்பாவைத் திறந்து, "எடுத்துக்குங்கக்கா" என்று நீட்டினாள். அவள் பசியில்லை என்றாள்.

கதவுகள் மாட்டப்பட்ட மறுநாள் நிறுவனத் தலைவர் பார்வையிட வந்தார். படங்களைத் தூக்கிக்கொண்டு கதவக்காவும் பின்னால் போனாள். மேல்மாடிக் கோடியில் எல்லோரும் நின்றார்கள். தலைவர் அறையின் வாசலில் கழிப்பறைக் கதவு, பச்சை காட்டிக்கொண்டு கம்பீரமாக நின்றது. படியோரத்தில் தேக்குக் கதவின் பித்தளை பளபளத்தது. முதலாளியின் முகம் ரத்தம் வற்றிச் சுண்ணாம்பாக வெளுத்தது. மருமகள் மாமனாரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

தலைவர் தாழ்ப்பாளை ஒருமுறை திருகிப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ் விழுந்தது. வெளியே சிவப்பு. உள்ளே நடமாடும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு பச்சை. வெளியே வந்தவரின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"இருபது வருஷமா கதவைத் தட்டாம நுழையறானுங்க, ஒவ்வொருத்தனும்! போன்ல இருந்தாலும் சரி, கண்ணை மூடி யோசிச்சாலும் சரி. இப்ப சிவப்பைப் பாத்தா எந்தப் பய வருவான்? காத்தும் ஜம்முனு வருது." படியோரத்தைப் பார்த்தார். "அங்க தேக்கா? முடியாதவங்க போற இடத்துக்கு இவ்வளவு மரியாதையா! இது யார் யோசனை?"

முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "ரொம்ப நாளா மனசுல இருந்த கான்செப்ட் சார்" என்றார்.

"எல்லா மேனேஜர் ரூமுக்கும் இதே மாதிரி போடுங்க. நாப்பது கதவு!"

அலுவலகம் திரும்பியதும் முதலாளி பட்டறைக்குப் போன் போட்டார். பட்டறைக்காரர் எந்த எண் கதவு என்று கேட்டார். மருமகள் கம்ப்யூட்டரைத் துழாவினாள். புது எண்கள் பழையதை அழித்துவிட்டிருந்தன.

"பட்டறைக்குப் பழைய பதினாலுன்னு சொல்லணும் சார்" என்றாள் கதவக்கா. "அதான் தலைவர் ரூமுக்கு மாறிப் போச்சு. ஒன்பது பாத்ரூமுக்குப் போச்சு."

அலுவலகத்தில் அவள் தானாக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. முதலாளி போனைக் கையால் பொத்தினார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நம்பர் மாத்தின அன்னிக்கே."

"ஏன் சொல்லல?"

பொய் சொல்லவும் நிறையப் பேச வேண்டும். அவள் உள்ளதைச் சொன்னாள். "தப்பாப் போகட்டும்னுதான் சார். அப்பதான் என்னை அனுப்பமாட்டீங்கன்னு நினைச்சேன்."

மருமகள் அவளையே பார்த்தாள். முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். கோபம் வந்து, யோசனையாகி, கடைசியில் களைப்பாகிவிட்டது அவருக்கு.

"தப்புன்னு சொன்னாத்தானே உங்களை அனுப்ப முடியும்? நான்தான் கான்செப்ட்னு சொல்லிட்டேனே. நாப்பது கதவு ஆர்டர் வேற." பெருமூச்சு விட்டார். "நீங்களும் அந்தக் கான்செப்ட்ல இருந்தீங்க. புரியுதா? இனிமே நம்பர் விஷயம் உங்க பொறுப்பு. எங்க வேணாலும் 'இல்லை' போட்டுக்குங்க."

மருமகள் அவளோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் டப்பாவைத் திறந்து மேஜை நடுவில் வைத்தாள். கதவக்கா எடுத்துக்கொண்டாள்.

கட்டடத் திறப்பு விழாவில் வடிவமைப்புக் குழு என்று மூன்று பேரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி, மருமகள், மூன்றாவதாக அவள். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் அவள் புருஷன். தலைவர் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்து, அவள் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒரு யோசனை உங்களுக்கு எப்படிம்மா வந்துச்சு?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நான் ஒண்ணுமே பண்ணல சார்" என்றாள் கதவக்கா. "பேசாம இருந்தேன். அதுவா வந்துச்சு."

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்று தலைவர் மைக்கில் சொன்னார். கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது.