முள்கம்பிக்கு வழிகாட்டிய கடுதாசி

வட்டவளைக்கு மேலே அடுத்தடுத்து மூன்று தேயிலைத் தோட்டங்கள். ரோடு எல்லாம் கொழுந்து லொறி, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போவதற்காகப் போட்டது. ஆஸ்பத்திரி மூன்றாவது தோட்டத்தில். நடுத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டிலிருந்து ரோட்டு வழியே போனால் ஏழு மைல், மலையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு. எங்கள் முதல் பிள்ளை அந்த ஏழு மைலில்தான், பாதி வழியில் பிறந்து, பாதி வழியிலேயே போனது. அதை இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

மனைவி மறுபடி முழுகாமல் இருந்தபோது எனக்குத் தூக்கமில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் குறுக்குப் பாதைகள் இருந்தன. ஆனால் எல்லாம் அந்தந்த எல்லையில் நின்றுவிடும். அவற்றைச் சேர்த்துவிட்டால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், ஸ்டேஷன் எல்லாமே பக்கம். எங்கள் தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னேன். மூன்று தோட்டத்து ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினோம். வழியிலிருந்த ஆற்றுக்குக் குறுக்கே இரண்டு மரம் போட்டோம். சரிவில் படி வெட்டினோம்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் பயம். தோட்டத்தை நடத்தும் துரையின் நிலமாயிற்றே, வேலைப் பட்டியலில் பேரை வெட்டிவிட்டால்?

"அண்ணே, ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்வோம்."

"நடக்குறதுக்கு எவனாச்சும் கடுதாசி குடுப்பானாடா?" என்றார் தலைவர். "ஒனக்கு நிழலக் கண்டாலும் சலாம் போடணும்."

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் எழுதத் தெரியும் என்ற திமிர். எந்த மலையில் எந்தப் பாதை, எங்கே எல்லையைத் தாண்டுகிறது என்று ஒன்று விடாமல் எழுதி, படமும் கீறி, தாண்டும் இடங்களில் புள்ளி வைத்து ஆபீசில் கொடுத்தேன்.

அடுத்த வாரமே பதில் வந்தது. நான் புள்ளி வைத்த இடமெல்லாம் முள்கம்பி. பாதிப் பாதைகள் துரைக்கு அதுவரை தெரியவே தெரியாதாம். அடுத்த தோட்டத்துச் சங்கக்காரர்கள் வந்து போவார்களாம், அதனால் அடைப்பாம். மனிதன் மனிதனைப் பார்க்கப் போவதற்கும் வேலி!

வலி வந்தது ஒரு காலை நேரம். மனைவியைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, நாலு பேர் தூக்கினோம். வேலியடியில் நான் நின்றுவிட்டேன்.

"ரோட்டாலயே போயிருவோம்" என்றேன்.

மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவரான என் மாமியார் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து முள்ளின் மேல் எறிந்தார். மற்றவர்களும் எறிந்தார்கள். சாக்கு மேல் சாக்கு.

"நீங்க ஒரு ஆம்பள! மொத தரமும் ரோட்டாலதானே போனீங்க? கம்பிய மிதிச்சுப் புடிங்க மாப்புள!"

மிதித்துப் பிடித்தேன். கம்பளி வேலியைத் தாண்டியது. பகலுக்குள் மகள் பிறந்தாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

மறுநாள் காலை பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் முன்பே மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு கத்தினார்.

"வேலிய நாசமாக்குனது யாரு?"

பெண்கள் தலை குனிந்து நின்றார்கள். அவர்களைக் குனிய வைத்ததைப் பொறுக்காமல் நான் முன்னால் வந்தேன்.

"நான்தாங்க ஐயா. இன்னைக்கும் தாண்டுவேன். புள்ளயப் பாக்கணும்."

"ஒனக்கு இன்னைக்கு வேல இல்ல. போ!"

போனேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் குறுக்குப் பாதையில் ஏறினேன்.