இடம் மட்டும் கொடுத்தவர்கள்

அந்த வீடியோவில் அத்தையின் கண்கள் மட்டும்தான் தெரியும். மரக்காணம் உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டுமல்ல, பாத்தியிலிருந்தும் அடிக்கும். அதனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டு, முகத்தைத் துண்டால் இறுகச் சுற்றிக்கொள்வார்கள். அத்தை என் அப்பாவின் தங்கை. அழுகிற குழந்தையைக் கண்டால் தாண்டிப் போகத் தெரியாதவர். அன்று வேலை முடிந்து கடற்கரைச் சாலைக்கு வந்தவர், தனியாக அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்து அழைத்துப்போய் அதன் அம்மாவைத் தேடினார். அம்மா பக்கத்துக் கடையில்தான் இருந்தாள். கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். அந்தப் பகுதி வீடியோவில் இல்லை. முகம் மூடிய ஒருத்தி குழந்தையைக் கூட்டிப்போவது மட்டும் இருந்தது. ‘பிள்ளை பிடிக்கும் கும்பல், உஷார்’ என்று எழுதியிருந்தான் எவனோ ஒரு பொய்ப்பெயர்க்காரன்.

அன்றே புகார் பொத்தானை அழுத்தினேன். எங்கள் தெருவே அழுத்தியது. ‘இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை’ என்று பதில் வந்தது. தமிழில்தான் வந்தது. ஆனால் தமிழ் தெரிந்த ஒரு மனிதர் அந்த வீடியோவைப் பார்த்தார் என்று நான் இன்றுவரை நம்பவில்லை. அத்தையிடம் படித்துக் காட்டினேன்.

“யாருடி இவங்க? ஒரு தடவ அளத்துக்கு வரச் சொல்லு. துண்ட அவுத்துக் காட்டுறேன், பாத்துட்டுச் சொல்லட்டும்” என்றார். அப்போது அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சில நாட்களில் பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போனார். வெயிலுக்குத் துண்டைச் சுற்றியிருந்தார். அடிவாரத்தில் ஒரு கூட்டம் வளைத்துக்கொண்டது. “டேய், வீடியோல வந்தவ இவதாண்டா!” பெயர் சொன்னார், ஊர் சொன்னார், கெஞ்சினார். கேட்க யாருக்குக் காது இருந்தது? உப்பு ஏற்ற வரும் லாரிக்காரர் ஒருவர் அடையாளம் கண்டு மீட்பதற்குள் மணிக்கட்டு உடைந்திருந்தது. அடித்தவர்களை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் அவர்கள் யாரும் அந்த வீடியோவைத் தேடிப் போகவில்லை. அவர்கள் கைப்பேசியில் அதைக் கொண்டுவந்து திணித்தது யார்?

திண்டிவனத்து வக்கீல் ஒருவரைப் பிடித்து, அந்த வீடியோ ஓடுகிற தளத்தை நடத்தும் நிறுவனத்தின் மேலும் வழக்குப் போட்டோம். அவர்கள் தரப்பு வக்கீல் வராந்தாவில் எங்களிடம் பொறுமையாக விளக்கினார். “போட்டது வேற யாரோ. கம்பெனி இடம் மட்டும்தாங்க குடுக்குது. கோர்ட்டு ஆர்டர் இல்லாம எடுக்க முடியாது.”

இடம் மட்டும் கொடுத்தார்களாம்! அந்த வீடியோவுக்கு முன்னால் ஓடிய சோப்பு விளம்பரத்தின் காசு யாருக்குப் போனது? மண் கலந்த உப்பை விற்றுவிட்டு, ‘நான் சாக்கு மட்டும்தான் கொடுத்தேன்’ என்று எங்கள் ஊர் முதலாளி ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும், வியாபாரி சும்மா விடுவாரா? யாரோ ஒருவரின் சினிமாப் பாட்டைச் சேர்த்துப் போட்டால் அடுத்த நிமிடமே எடுக்கத் தெரிகிறது. உப்பு வாருகிற பெண்ணின் மானம் என்றால் மட்டும் ஆர்டர் வேண்டும். வெட்கங்கெட்டவர்கள்.

வழக்கு வாய்தாவில் கிடக்கிறது. வீடியோவும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் மரக்காணம் பேருந்து நிலையத்தில் நானும் அத்தையும் நின்றிருந்தோம். கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்ட ஒரு பெண் குழந்தை அழுதுகொண்டே வந்து அவர் புடவையைப் பிடித்துக்கொண்டது. அத்தை குனியவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

“நீ தூக்குடி” என்றார். “சீக்கிரம் தூக்கு. யாராச்சும் பாத்துடப் போறாங்க.”