பொம்பிளை பார்க்க வந்தவரும் எங்கட கோச்மாரும்

ரீவிக்கு மேல ரெண்டு கம்பி அன்ரெனா. நுனியில வெள்ளித்தாள் சுத்தியிருக்கும். ஆராவது பக்கத்தால நடந்தால் போதும், படம் புள்ளி புள்ளியாப் போய் ஸ்ஸ்ஸ் எண்டு இரையும். குசினியில என்ர மனுசி ரோல்ஸ் பொரிக்கிற மணம்...

தொண்ணூறுகளில, ஊரை விட்டு வந்து நாங்கள் இருந்த வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ட் அது.

நான் போனில எழுதப் பழகினது இப்பதான். ஒவ்வொரு எழுத்தாத் தேடிக் குத்துறன். ஆறுதலா வாசியுங்கோ.

இலை கொட்டுற காலத்தில சனிக்கிழமை எண்டால், எல்லையில இருக்கிற பெரிய வாவிக்கு அங்கால இருந்து வாற அமெரிக்கச் சனலில கொலிஜ் புட்போல் போகும். காலால அடிக்கிற புட்போல் இல்லை. பந்தைக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு ஓடுறது. எங்கட அன்ரெனாவுக்கு வேற சனல் ஒழுங்கா இழுக்காது, அதால அதையே பார்த்துப் பழகிட்டம்.

சட்டதிட்டம் அரைகுறையாத்தான் விளங்கும். ஆனா கோட்டுக்கு வெளியில நிண்டு கத்துற ஹெட் கோச்சை, அந்தப் பயிற்சியாளரை, நல்லா விளங்கும். பக்டரியில எத்தினை சூப்பவைசர்மாரைப் பார்த்த ஆக்கள் நாங்கள்!

கோச்மாரின்ர இங்கிலிஸ் பேர் வாசிக்கத் தெரியாததால நானே பட்டம் வைச்சன். பெரிய கொலிஜ்காரர் தொப்பியர். சின்னக் கொலிஜ்காரர் மொட்டையர். எந்த நேரமும் சப்பிக்கொண்டு நிக்கிறவர் சுவிங்கம். பக்கத்து யூனிற் சிவம் அண்ணையும் அந்தப் பேரிலதான் கதைப்பார்.

மட்ச் முடிய ராங்க் போடுறது எங்கட வழக்கம். ஆர் முதலாம் கோச், ஆர் கடைசி... அதுக்குத்தான் பெரிய சண்டை. சிவம் அண்ணைக்கு வெற்றி மட்டும்தான் கணக்கு. எனக்கு வேற அளவு. பந்தை நழுவ விட்ட பெடியன் தலையைக் குனிஞ்சுகொண்டு வெளியில வரேக்க கோச் என்ன செய்யிறார்? ஹெட்செற்றைக் கழட்டி எறிஞ்சால் அவர் கீழ. தோளில கையைப் போட்டால் மேல. தொப்பியர் எப்பவும் கை போடுவார். அதால எனக்கு எப்பவும் அவர்தான் முதல்.

"உது கோச்சுக்கு ராங்க் போடுறதோ, மாப்பிள்ளை பார்க்கிறதோ?" எண்டு சிவம் அண்ணை நக்கலடிப்பார்.

அப்பதான் மகள் வதனிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தம். முதல் வந்த சம்பந்தங்கள் ஒண்டும் சரிவரேல்லை. மனுசிக்கு நித்திரையில்லை. அஜின்கோர்ட்டில இருந்து ஒரு பெடியன், ரமணன் எண்டு பேர், தாயோட பொம்பிளை பார்க்க வாறன் எண்டு சொன்னது ஒரு சனிக்கிழமை பின்னேரம்.

தொப்பியரின்ர மட்ச் நேரம்!

சிவம் அண்ணையை வரவேண்டாம் எண்டு மறிச்சாச்சு. ரீவியை நிப்பாட்டச் சொல்லி மனுசி சொன்னா. நான் சத்தத்தை மட்டும் குறைச்சன்.

பெடியன் வந்து இருந்தார். கதை வேலை, ஊர் எண்டு போச்சு. ஆனா அவற்ற கண் மெல்ல மெல்ல ரீவிக்குப் போகுது. திடீரெண்டு கேட்டார்:

"அங்கிள், உவரை ஏன் எல்லாரும் பெரிய கோச் எண்டினம்?"

என்ர தொப்பியரை! தோளில கை போடுற கதையைச் சொன்னன். அவர் மரியாதையாத்தான் கேட்டார். பிறகு சொன்னார், திறமான பிளேயர்ஸ் எல்லாரும் தேடிப்போற கொலிஜில வெல்லுறது பெரிய காரியமில்லை, ஆரும் எடுக்காத பெடியளை வைச்சுப் பாதி மட்சாவது வெல்லுற சின்னக் கொலிஜ் கோச்தான், எங்கட மொட்டையர்தான், முதல் எண்டு.

"கை போடுறது கமராவுக்கு, அங்கிள். பிழை விட்ட பெடியனை அவர் திருப்பி மைதானத்தில இறக்கிறாரோ எண்டு பாருங்கோ."

சொல்லி வாய் மூடேல்லை, தொப்பியரின்ர பெடியன் ஒருத்தன் பந்தை நழுவ விட்டான். தொப்பியர் வழக்கம்போல தோளில கை போட்டார். நாங்கள் ரெண்டு பேரும் சோபா நுனிக்கு வந்திட்டம். வதனி தேத்தண்ணித் தட்டோட வந்து நிண்டிருக்கிறாள். ரமணன் திரும்பிப் பாராமலே கோப்பையை எடுத்து தாங்ஸ் எண்டிட்டுக் கதையைத் தொடருறார். தாய் மகனைக் கிள்ளுறா. மனுசி என்னை முறைக்கிறா...

மட்ச் முடியுமட்டும் தொப்பியர் அந்தப் பெடியனை உள்ளுக்கு விடவேயில்லை.

அவையள் போன பிறகு வீட்டில பெரிய பூகம்பம். பொம்பிளை பார்க்க வந்தவன் ரீவி பார்த்திட்டுப் போறான் எண்டு மனுசி. மாமனாரா வரப்போறவனோடயே எதிர்த்துக் கதைக்கிறான், எனக்கும் வேண்டாம் எண்டு நான்.

வதனி கோப்பையளை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"முதல் வந்தவை எல்லாரும் உங்களுக்கு ஓம் ஓம் எண்டு தலையாட்டினவை, அப்பா. நான்தான் வேண்டாம் எண்டனான். இவர் வாசலில சப்பாத்துப் போடேக்க என்னட்டையும் கேட்டவர், ஆர் முதலாம் கோச் எண்டு. நான் எங்கட சுவிங்கத்தைச் சொன்னன், தோத்தாலும் தான் முந்திப் போய் மற்றக் கோச்சுக்குக் கை குடுக்கிறவர் எண்டு. இத்தினை சனிக்கிழமை நானும் இஞ்சதானே இருந்தனான்... நீங்கள் ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

மனுசிக்குச் சிரிப்பு வந்திட்டுது. பிறகு எனக்கும்.

அண்டிரவே ரமணன்ர தாய் போன் எடுத்தா. நான் பயந்துகொண்டுதான் கதைச்சன். மகனுக்கு விருப்பமாம், அடுத்த சனியும் வரலாமோ எண்டு கேக்கிறாராம், மட்சுக்கு முதல்!

இப்ப ரீவி சுவர் அகலம். ஒரு புள்ளியில்லை, இரைச்சலில்லை. மட்ச் முடியமுதலே ராங்க் போனில வந்து விழுது. கோச்மாரும் சட்டை மாத்திற மாதிரிக் கொலிஜ் மாத்துகினம், பட்டம் வைக்கவே நேரமில்லை. சிவம் அண்ணை தூர ரூஜ் பக்கம் வீடு மாறிப் போயிட்டார், போனிலதான் சண்டை. ஒரே சோபாவில நெரிபட்டுக்கொண்டு இருந்து கத்தின அந்தச் சுகம் போனில வராது.

ஆனாலும் சனிக்கிழமை எண்டால் மகளும் மருமகனும் வருவினம். முதலில வதனி ராங்க் சொல்லுவாள், காரணத்தோட. பிறகு மருமகன் மறுத்துக் கதைப்பார். அவள் விடமாட்டாள்.

மூண்டாவது முறை என்ர.

என்ர முறை வரமுதல் அடுத்த மட்ச் துவங்கியிடும்.