ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றவன்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் ஒரு நாள் பின்னேரம் பள்ளிமுனைக்கு வாருங்கள். கடல் வற்றிக் கிடக்கிற வத்துத் தண்ணீரில் இறங்கி முக்கால் மணித்தியாலம் வெளியே நடந்து பாருங்கள். நான் கூட வரமாட்டேன். போன வருடம் செப்டெம்பர் 19ஆம் திகதிக்குப் பிறகு நான் கடலில் கால் வைக்கவில்லை.

என் பெயர் றொட்னி. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பொழுதுபோக்கு, ஃபிளை கட்டுவது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெறும் தூண்டில் முள்ளில் மயிரையும் இறகையும் வைத்துத் தையல் நூலால் இறுக்கிச் சுற்றி, குட்டி மீன் போல ஆக்குவோம். அதைக் கனமான நூலில் முடிந்து, தடியால் முன்னும் பின்னும் வீசிப் போடுவோம். பள்ளிமுனைக் கடற்றொழிலாளிகள் என்னைக் கண்டால், "இறகால மீன் பிடிக்கிறவர் போறார்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வலையால் அள்ள மூளை தேவையில்லை என்று நானும் திருப்பிச் சொல்வேன்.

என்னோடு சேர்ந்து பைத்தியமானவன் இன்ஸாப் ஒருவன்தான். எருக்கலம்பிட்டியில் தையல்காரன். நூல் அவனுடையது. ஹஜ்ஜுப் பெருநாள் ஆட்டின் வால் மயிரைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவருவான். கட்டுவது நான். மயிர் முள்ளைப்போல இரண்டு மடங்கு நீளம் இருந்தால் போதும், கூடினால் வாலை மட்டும் கடித்துவிட்டு மீன் போய்விடும். பொழுதுபடுகிற நேரத்துக்குக் கறுப்புத்தான் கட்ட வேண்டும். கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு அதுதான் தெளிவாகத் தெரியும். முக்கியமாக, தண்ணீரில் லைட் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. பாரை மீன் ஓடிவிடும். இதையெல்லாம் இன்ஸாப்புக்குப் படிப்பித்தவன் நான்.

அன்று தென்மேற்குச் சோழகக் காற்று அடங்கி விழுந்திருந்தது. வீசுவதற்கு அருமையான நாள். 4.50க்கு இறங்கினோம். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் நடுவே கடலடியில் பள்ளமாக ஒரு ஓடை இருக்கிறது. அதைக் கடக்க ஒரே ஒரு இடம், இடுப்பளவு. மற்ற இடமெல்லாம் ஆளைத் தாழ்க்கும். அந்த இடம் எனக்குத்தான் தெரியும். இன்ஸாப்புக்கு நீந்தவும் தெரியாது. அவனை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன்.

"மச்சான், ஆறரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போ. தனிய நான் இறங்கமாட்டன்."

"ஓம்டா. வாறன்."

என் போனை மோட்டார் சைக்கிளிலேயே விட்டிருந்தேன், நேரம் பார்க்கக் கையில் மணிக்கூடு மட்டும்தான். அவனுடையது பிளாஸ்டிக் உறைக்குள் கழுத்தில் தொங்கியது. மீன் பிடித்தால் வீடியோ எடுப்பான். நான் திரும்பி ஓடையின் இந்தப் பக்கம் வந்து, இருநூறு மீற்றர் தள்ளி நின்றேன்.

6.12. சூரியன் இறங்கியது. துள்ளிக்கொண்டிருந்த குட்டி மீன்கள் ஒரேயடியாக நின்றுவிட்டன. கொக்குகளும் இல்லை.

6.20. நிமிர்ந்து பார்த்தேன். சிவந்த வானத்தின் முன்னால் இன்ஸாப்பின் கறுப்பு உருவம், தடியை வீசிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பத்தடி பின்னால் இன்னொரு உருவமும் வீசிக்கொண்டிருந்தது...

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். யாரோ எங்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். அவன் இடது கையால் வீசினான். நானும் இடது கைக்காரன். நான் வீசினால் அவனும் வீசினான். நான் நிறுத்தினேன்.

அவனும் நிறுத்தினான்.

இன்ஸாப் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

6.31. போக வேண்டிய நேரம். மற்றவன் இன்னும் அங்கேயே நின்றான். அந்த நேரம் பார்த்து என்னைச் சுற்றிப் பாரைகள் மேய வந்தன. 'இன்னும் ஐந்து நிமிடம்' என்றேன் எனக்கு நானே. தண்ணீர் தொடைக்கு ஏறிவிட்டது.

6.38. ஒன்று அடித்தது. பெரியது. நூல் உருவிக்கொண்டு ஓடியது.

6.41.

"றொட்னி!"

இன்ஸாப்பின் குரல். எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லித் தந்த ஒரு வழக்கம் இருக்கிறது. பொழுதுபட்ட பிறகு கடலில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது. மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனிதர். மற்றது இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது.

"றொட்னி! தண்ணி ஏறுதுடா!"

இரண்டு.

தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சை அடக்கினேன். மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். பயத்திலா, மீனுக்காகவா என்று கேட்காதீர்கள். இரண்டுக்கும்தான். வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வரவில்லை...

6.44. நூல் தளர்ந்தது. மீன் போய்விட்டது. தலையில் கட்டியிருந்த லைட்டைப் போட்டேன்.

அந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஒருவரும் இல்லை.

ஓடினேன்.

கரைக்கு.

பள்ளிமுனை ஆட்கள் படகு எடுத்துக்கொண்டு இரவு முழுக்கத் தேடினார்கள். காலை 6.50க்கு ஓடைக்குள் கிடைத்தான். கடக்கிற இடத்திலிருந்து வெகு தூரம் தள்ளி, ஆழமான இடத்தில். அடக்கம் செய்த அன்று அவன் மனைவி ரிஸ்னா கதவுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டா. அவர் கூப்பிடவே இல்லையா?

"ஒரு சத்தமும் கேக்கேல்ல, தங்கச்சி," என்றேன்.

கணவன் இறந்தால் வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்து, இந்த வருடம் பெப்ரவரியில் தன் தம்பியோடு ரிஸ்னா என் கடைக்கு வந்தா. கையில் இன்ஸாப்பின் போன்.

"படங்கள எண்டாலும் எடுத்துத் தாங்க அண்ணன்."

மூன்று நாள் மினக்கெட்டேன். உப்பைச் சுரண்டி, துடைத்து, புது பற்றரி போட்டேன். நான்காம் நாள் அவ எனக்கு முன்னால் கதிரையில் இருக்கும்போது போன் உயிர் பெற்றது. கடைசியாக ஒரு வீடியோ, இருட்டில் லைட் போடப் போய் விரல் பட்டிருக்க வேண்டும். 6.41. ஐம்பத்திரண்டு விநாடி. தடுக்க முதல் ரிஸ்னா விரலால் தட்டிவிட்டா.

திரை முழுக்க இருட்டு. தண்ணீர்ச் சத்தம். "றொட்னி!" என்றான் இன்ஸாப். பிறகு, "றொட்னி! தண்ணி ஏறுதுடா!"

உடனே பதில் வந்தது. போனுக்கு மிகக் கிட்ட.

"நிக்கிறன்டா. இஞ்சால வா. இதுதான் கடக்கிற இடம்."

என் குரல்.

இன்ஸாப் சிரித்தான். "எவ்வளவு நேரம்டா உனக்கு? பயந்திட்டன்."

"கையைத் தா."

பிறகு தண்ணீர் மட்டும்தான்.

அவன் மூன்றாவது தரம் ஏன் கூப்பிடவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ரிஸ்னா என்னைப் பார்த்தா. அழவில்லை.

"சத்தம் ஒண்டும் கேக்கல்ல எண்டு சொன்னீங்களே அண்ணன்."

அது நானில்லை என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவன் கூப்பிட்டது இரண்டு தரமும் கேட்டது, கேட்டுக்கொண்டே மீனோடு நின்றேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மேசையில் கிடந்த குட்டித் திருகாணிகளைப் பொறுக்கினேன். அவ போனை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனா. இன்றுவரை ரிஸ்னா நினைப்பது, அவனைக் கையில் பிடித்து ஓடைக்குள் இறக்கியவன் நான் என்றுதான்.