இல்லாத நாய்க்குக் கிடைத்த புள்ளி

மரியரட்ணத்துக்குப் பரீட்சை என்றால் ஒரே வழிதான். போன முறை வந்த கேள்வியைப் பிடி, விடையைப் பாடமாக்கு, மேலே ஏறு. யாழ்ப்பாணத்தில் அவர் அப்படித்தான் பாஸ் பண்ணினார். டென்மார்க்கில் இக்காஸ்ட் நகருக்கு வந்து துணி ஆலையில் ஷிப்ட் வேலை செய்தும் அந்தப் புத்தி மாறவில்லை. மனைவியின் தங்கை விக்ரோரியா பெரியவர்களுக்கான கல்லூரியில் சேரப்போகிறாள் என்றதும் மனிதர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தார்.

விக்ரோரியாவுக்கு ஆய்வுகூடத்தில் வேலை செய்ய ஆசை. ஊரில் சண்டையால் உயர்தரப் படிப்பு பாதியில் நின்று இரண்டு வருடம் வீணாகியிருந்தது. இன்னொரு வருடத்தைத் தொலைக்க அவள் தயாராக இல்லை. கல்லூரி முதலில் ஒரு டெனிஷ் சோதனை வைத்தது. முதலாம் வகுப்பா, இரண்டாமா, மூன்றாமா, எதில் தொடங்கலாம் என்று பார்ப்பதற்கு மட்டும்.

"அத்தான், இதில பாஸ், ஃபெயில் ஒண்டும் இல்லையாம்."

"விசர்க்கதை கதையாத. சோதினை எண்டாச் சோதினைதான்."

போன வருடம் 'என் வீடு' என்று ஒரு கட்டுரை கேட்டார்களாம். அத்தான் தன்னோடு வேலை செய்யும் டெனிஷ்காரனைப் பிடித்து அதை எழுதுவித்தார். அவன் தன் வீட்டையே எழுதினான்: தோட்டம், சிவப்புக் கதவு, பெல்லா என்ற நாய். அவள் செபமாலை சொல்வதுபோல அதை உருப்போட்டாள். அதே தலைப்பு வந்தது. ஆக மேலான மூன்றாம் வகுப்பே கிடைத்தது. கோல்டிங் நகரத்துச் சொந்தக்காரர் வரை அத்தானின் போன் பறந்தது.

வகுப்புக்குப் போனால் குருவி தலையில் பனங்காய். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று எல்லோரும் வாதாடினார்கள். அவளுக்கு 'வேண்டாம்' மட்டும் விளங்கியது. அவள் சொந்தமாக எழுதிக்கொடுத்தது சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. கிறிஸ்மஸ் பரீட்சையில் தவறினால் ஒரு வருடம் போயிற்று. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் முதலாம் வகுப்புக்கு இறங்கப்போறன்."

"என்ர மானத்தை வாங்காத! சனம் என்ன சொல்லும்?"

"சனமோ அத்தான் வகுப்பில இருக்குது? நான்தானே முழிச்சுக்கொண்டு இருக்கிறன்!"

கல்லூரி ஆலோசகர் கிர்ஸ்டனும் லேசில் விடவில்லை. "இங்கே யாரும் கீழ் வகுப்புக்கு மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை. உங்களுக்குத் தன்னம்பிக்கைதான் குறைவு," என்று ஆங்கிலத்தில் தேற்றினார். விடைத்தாளையும் எடுத்தார். "எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள்! பெல்லா சுகமா?"

கெட்டிக்காரி என்ற பெயர் இன்னும் ஒரு நிமிடம் அவள் கையில் இருந்தது. சனியன், போகட்டும் என்று விட்டாள்.

"பெல்லா என்னுடையதல்ல. இதில் ஒரு வரிகூட என்னுடையதல்ல. பாடமாக்கி எழுதினேன்."

கிர்ஸ்டன் விடைத்தாளை ஒரு முறை பார்த்தார், அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு வகுப்பை மாற்றி எழுதினார்.

அத்தான் கோபத்தில் அன்று சாப்பிடவில்லை.

முதலாம் வகுப்பில் ஆசிரியை ஆளுக்கு ஆள் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார். விக்ரோரியாவின் முறை வந்தது. சொந்த டெனிஷில், தட்டித் தடவிச் சொன்னாள்:

"எங்கள் வீட்டில் நாய் இல்லை. அத்தான் இருக்கிறார். நிறையச் சத்தம் போடுவார்."

ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். விக்ரோரியாவுக்கு அது ஒரு சொல் விடாமல் விளங்கியது.