அணை கட்டின இடம்

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து ஓரிரு வருடங்கள் இருக்கும். மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் குடியிருந்தோம். ஐரோப்பியத் தலைநகரம் ஒன்று உருவான கதையை வகுப்பில் சொல்ல வேண்டும் என்றாள் எட்டு வயது மகள். கனடாவுக்கு வரும் வழியில் ஆம்ஸ்டர்டாமில் ஆறு மாதம் இருந்த பெருமையில் நானே சொல்லிக்கொடுத்தேன்.

"எழுநூறு வருசத்துக்கு முந்தி அது மீன்பிடிக்கிற சனத்தின்ரை ஊர், பிள்ளை. ஆம்ஸ்டல் எண்ட ஆத்திலை அணை கட்டின இடம். அதாலைதான் அந்தப் பேர்."

தலையாட்டிவிட்டுப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டாள்.

பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். எனக்குப் பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி'யோடு சரி. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மகள் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வகுப்பே சிரித்தது. ஏதோ பகிடி விட்டிருக்கிறாள் என்று நினைத்து நானும் பலமாகச் சிரித்தேன், கையும் தட்டினேன். ஆசிரியை அவளிடம் என்னவோ கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தபடியே தலையாட்டினேன்.

மெட்ரோவில் வீடு திரும்பினோம். இறங்கும்போதுதான் கேட்டாள்.

"அப்பா, அண்ணை கட்டின இடம் எண்டுதானே சொன்னீங்கள்? எந்த அண்ணை எண்டு டீச்சர் கேட்டவ."

அவளுக்கு அண்ணையை, அதாவது அண்ணனைத் தெரியும், அணையைத் தெரியாது; 'அண்ணன் கட்டிய இடம்' என்றே பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அது அணை, பிள்ளை. ஆத்துத் தண்ணியை மறிச்சுக் கட்டுறது."

"ஓம். நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?"

அதன் பிறகு அவள் என்னிடம் பாடம் கேட்டதும் இல்லை.

இன்றைக்கும் ஒரு சபையில் எல்லோரும் சிரித்தால், முன்னால் நிற்பவரின் முகத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.