நாலாவது குருவி

கல்யாண மேடை அலங்காரம் என் தொழில். மலேசியாவில், ஈப்போ நகரில் பல வருடங்களாகப் பொலிஸ்டிரின் நுரைப்பலகையில் அன்னம் வெட்டினேன், தூண் வெட்டினேன், யானைகூட வெட்டினேன். கல்யாணம் முடிந்ததும் எல்லாம் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகும். ஒருநாள் மண்டபத்துக்குப் பின்னால், கால்வாயில் என் அன்னம் ஒன்று கழுத்தொடிந்து மிதப்பதைப் பார்த்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. இனி மண்ணில் மக்காத எதுவும் என் மேடையில் ஏறாது என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டதும் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள்.

ஓடாமல் நின்றவர்களில் ஒருவர், பக்கத்து ஊரான செமோரில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா. அவரும் மகளின் பிடிவாதத்துக்காகத்தான் நின்றார்.

"ஓலையில மேடையா? சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி எம்மானம் போச்சுன்னா உங்கள சும்மா விடமாட்டேன்லா."

பாகான் டத்தோவில் ஒரு தோட்டத்தில் மறுநடவுக்காகக் கிழட்டுத் தென்னைகளைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படியும் வீணாகப் போகிற குருத்தோலைதானே என்று லாரியில் ஏற்றி வந்தேன். மடிக்க மூன்று பெண்கள். வார நாளில் கையுறைத் தொழிற்சாலை, சனி ஞாயிறு என்னோடு. குண்டூசியும் நைலான் கயிறும் எங்களிடம் கிடையாது. ஈர்க்கால் குத்தி, வாழைநாரால் கட்டுவோம்.

வரைபடம் என்னுடையது. ஒற்றைப்படைதான் கண்ணுக்கு அழகு என்று டிசைன் கல்லூரியில் படித்தவளாயிற்றே. சரத்துக்கு மூன்று ஓலைக்குருவி, எல்லாம் தலை கீழே பார்த்து, மேடைமேல் பறந்து இறங்குகிற மாதிரி. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் தொங்கவிட ஆரம்பித்தோம். மடிக்கும் பெண்களில் ஏணியைப் பிடித்திருந்தவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மூணு குருவி, தலகீழா... இது சாவு வீட்டுத் தோரணம்லா. நல்ல காரியத்துக்கு நாலு. தல மேல பாக்கணும்."

"மடிக்கும்போதே சொல்லக்கூடாதா?"

"நீங்க படிச்சவங்க. புது ஃபேஷன்னு நெனச்சோம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். கிடங்கில் பழைய பொலிஸ்டிரின் தூண்கள் இன்னும் கிடந்தன. கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்தில் மேடை எழுந்துவிடும். வேண்டாம் என்றேன், வீம்பாகத்தான்.

குருத்து மிச்சமில்லை. கழித்துப் போட்ட துண்டுகள் மட்டும் ஒரு சாக்கில் இருந்தன. அவற்றில் குருவி மடித்து, சரத்துக்கு ஒன்றாக ஈர்க்கால் கோத்து, எல்லாவற்றையும் தலை மேலே பார்க்கத் திருப்பிக் கட்டினோம். விரல் நுனியெல்லாம் கிழிந்தது. பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம். நாலாவது குருவி மட்டும் பொடிசு.

மறுநாள் காலை பெண்ணின் அம்மா வந்தார். அண்ணாந்து பார்த்து, விரல்விட்டு எண்ணினார்.

"ஏன் ஒன்னு மட்டும் சின்னதா இருக்கு?"

"சரத்துக்கு மூணு மூணா மடிச்சிட்டேம்மா. என் தப்புதான். நேத்து வெட்டுத் துண்டுல நாலாவது மடிச்சுச் சேத்தோம்."

வாசலில் சம்பந்தியை வரவேற்கப் போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மேடையை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். பெண்ணின் அம்மா அவர் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப்போனார்.

"எல்லாம் ஓலைதான் சம்பந்திம்மா. ஒரு துண்டு பொலிஸ்டிரின் கெடையாது. அந்தச் சின்னக் குருவியப் பாருங்க, வெட்டிப்போட்ட துண்டுல செஞ்சது. எதையும் வீணாக்கக்கூடாதுன்னு நாங்கதான் கேட்டுச் செஞ்சோம்."

என் பெண்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொடிசுக் குருவியை அண்ணாந்து பார்த்தேன், பெருமையாகத்தான் இருந்தது.